கறுப்புத் தோலில் எழுதிய பன்னிரண்டு வார்த்தைகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ரம்ஜான் முடிந்து வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆம்பூரில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு சந்து வீட்டில், ஆபாவும் நானும் விரித்த கையைவிடச் சற்றுப் பெரிய ஒரு கறுப்புத் தோல் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. ஆபா கையால் எழுதியதை நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தேன்.

ஆபா யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ முடித்த கையோடு நான் ஷூ கம்பெனியில் தையல் லைனில் சேர்ந்தபோது பக்கத்து மெஷினில் இருந்தவர். உருது பேசுகிற வீடுகளில் அக்காவை ஆபா என்பார்கள். எங்கள் லைனில் உருது தெரியாதவர்களுக்கும் அவர் ஆபாதான். அவரைவிட மூத்த சூப்பர்வைசரே அப்படித்தான் கூப்பிடுவார். முதல் நாள் நான் ஒரு ஷூவின் மேல்தோலைக் கோணலாகத் தைத்துவிட்டு அழுகிற நிலையில் இருந்தபோது, அதைச் சத்தமில்லாமல் தன் குவியலுக்கு அடியில் தள்ளி, தையலைப் பிரித்து, திரும்பத் தைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றாகிவிட்டது.

எங்கள் வேலையில் ஒரு பேனா உண்டு. தையல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று தோலில் கோடு போடுகிற வெள்ளை ரீஃபில். தைத்து முடித்ததும் சூடான காற்றைக் காட்டினால் கோடு மாயமாகிவிடும். எங்களுக்குப் பேனா என்றாலே அதுதான். டீ மணி அடித்ததும் நாங்கள் எல்லாரும் டம்ளரைத் தேடி ஓடுவோம். ஆபா மட்டும் வேஸ்ட்டாகக் கிடக்கும் கறுப்புத் தோல் துண்டை எடுத்து அந்தப் பேனாவால் மருதாணி டிசைன் போடுவார். கொடி, இலை, மாங்காய், வலை என்று கை நிற்காமல் ஓடும். மணி அடித்ததும் அதன்மேல் சூடு காட்டி அழித்துவிடுவார். பார்க்கிற எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "இவ்ளோ அழகா போட்டுட்டு அழிச்சிடறீங்களே ஆபா" என்றேன்.

"இன்னொண்ணு போட எடம் வேணாமா?" என்றார்.

ரம்ஜானுக்கும் பொங்கலுக்கும் லைனில் இருந்த அத்தனை பெண்களுக்கும் அவர்தான் மருதாணி போட்டு விடுவார். என் கல்யாணத்துக்கும் அவர்தான் போட்டார். அதற்கு அப்புறம் கழுத்து வலியும் கண் பார்வையும் சேர்ந்து அவரை வேலையை விட வைத்தன. கணவர் முன்பே தவறிவிட்டார். மகளை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்துவிட்டார். நான் தையலிலிருந்து செக்கிங்குக்கு மாறினேன். பண்டிகைக்குப் பண்டிகை பிரியாணியும் சர்க்கரைப் பொங்கலும் கைமாறுவதோடு எங்கள் நட்பு நின்றுபோனது. பக்கத்து மெஷினில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். அவர்களும் நல்லவர்கள்தான், ஆனாலும் எனக்கு ஒட்டவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மழைக்காலத்தில் ஆபாவிடமிருந்து போன் வந்தது. அவருடைய நாத்தனார் மகள் வெளிநாட்டில் ஓர் அழகு நிலையத்தில் வேலை செய்கிறாள். ஆபா கறுப்புத் தோலில் போட்டு போனில் படம் எடுத்து அனுப்பிய டிசைன்களை அவள் தன் முதலாளி அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அந்த அம்மாவுக்குப் பிடித்துப்போய், மாதா மாதம் புது டிசைன் வேண்டும், பணம் தருகிறேன், ஆனால் டிஜிட்டல் காசாகத்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார். அதற்குப் போனில் ஒரு வாலட் வேண்டுமாம். ஆபாவுக்குத் தெரிந்த வாலட் மணிபர்ஸ்தான். பெங்களூரில் இருக்கும் என் தம்பி விளையாட்டாக என் போனில் அப்படி ஒன்று போட்டுக் கொடுத்திருந்தான். அதில் ஒரு பிளேட் பிரியாணிக்குக்கூடத் தேறாது. ஆனால் எப்படிப் போடுவது என்று கற்றுக்கொண்டிருந்தேன். அந்தத் தைரியத்தில் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன்.

ஆபா வீட்டில் முதலில் சாப்பாடு, அப்புறம்தான் எதுவும். கத்திரிக்காய்த் தொக்கை வழித்துச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். ஒரே பெயரில் ஒரே மாதிரி படத்தோடு நாலைந்து ஆப் வந்து நின்றன. எது அசல் என்று அதைச் செய்தவர்களின் சொந்த இணையப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்து, அங்கிருந்தே இறக்கினோம். 'புது வாலட்' என்பதை அமுக்கி, பாஸ்வேர்டு போட்டோம். அதற்கு அடுத்த பக்கத்தில்தான் விஷயமே இருந்தது. பன்னிரண்டு வார்த்தைகள் வரும், வரிசை மாறாமல் எழுதிப் பத்திரப்படுத்து, யாருக்கும் காட்டாதே என்று எச்சரித்தது. போன் தொலைந்தாலும் உடைந்தாலும் அந்த வார்த்தைகளைச் சொன்னால் வேறு போனில் காசு திரும்ப வந்துவிடும் என்று விளக்கினேன்.

"பேங்க்னா மேனேஜரக் கேக்கலாம். இதுக்கு யாரு மேனேஜர்?"

"யாரும் இல்ல ஆபா. நீங்கதான்."

ஆபா இன்னொரு முறை அந்த எச்சரிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எத்தனையோ வருடம் அடுத்தவர் அடித்த மணிக்கு எழுந்து, அடுத்தவர் அடித்த மணிக்கு உட்கார்ந்தவர். தானே மேனேஜர் என்பது அவருக்குப் பயமாக இருந்ததா சந்தோஷமாக இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

போனில் படம் பிடித்து வைக்கலாமா என்று கேட்டார். கூடவே கூடாது, போனைத் தொட்டவன் அதையும் எடுத்துக்கொள்வான் என்றேன். காலண்டர் தாளைக் கிழித்தார். அந்த வீட்டில் மழை வந்தால் சுவர் ஊறும், பூச்சி வேறு. தாள் ஒரு வருடம் தாங்காது என்று நான்தான் மூக்கை நுழைத்தேன். உடனே ஆபாவுக்கு யோசனை வந்துவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து தோல் துண்டுகள் வைத்திருந்த பையை இழுத்து, அதிலிருந்து ஒன்றை உருவினார். தோல் கிழியாது, ஊறாது, பூச்சி அரிக்காது. ஷூ சாமான் விற்கிற கடையில் அவர் எப்போதும் வாங்குகிற ரீஃபில் போட்ட பேனா மேஜைமேல் மூடி திறந்தபடியே கிடந்தது. எடுத்து எழுத ஆரம்பித்தார். என்ன புத்திசாலித்தனம் என்று நான் அவரைப் பாராட்டவும் செய்தேன்.

ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டுக்கொண்டே எழுதினார். எலுமிச்சம்பழம் வந்தது, ஆடு வந்தது, மாமா வந்தார். மாமா ஆட்டை ஓட்டிக்கொண்டு எங்கே போகிறார் என்று ஆபா கேட்க, எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. லைனில் இப்படிச் சிரித்துத்தான் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வோம். நடுவில் ஒரு வார்த்தைக்கு நான் ஏணி என்றேன். எங்க வீட்ல சீடின்னு சொல்லுவோம் என்று சொல்லிக்கொண்டே அதையும் எழுதினார். கடைசியில் ஆப் இங்கொன்றும் அங்கொன்றுமாக வார்த்தைகளைக் கேட்டுச் சோதித்தது. எல்லாம் சரியாக இருந்தது.

துண்டை எங்கே வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. பீரோ வேண்டாம், திருடன் முதலில் அங்கேதான் போவான். கடைசியில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில், சின்னப் பலகைமேல் உட்கார்ந்திருந்த ஸ்டெபிலைசர் பெட்டிக்கு அடியில் செருகினார்.

"ஷாக் அடிக்கும்னு எவனும் கைய வெக்க மாட்டான்" என்றார். அதுவும் எனக்குப் புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

மாதங்கள் ஓடின. ஆபா டிசைன் அனுப்பினார், காசு வந்தது. கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன இடத்தைப் பார்த்து வைத்திருந்தார். மருதாணி, பிளவுஸ் வேலை என்று ஒரு போர்டு. தன் பெயரில் ஒரு போர்டு. அதைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். இடத்துக்காரர் மாத முடிவுக்குள் அட்வான்ஸ் தராவிட்டால் மொபைல் கவர் விற்கிறவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். வந்த காசில் ஒரு பைசாகூட எடுக்காமல் அதற்காகத்தான் ஆபா சேர்த்து வைத்திருந்தார். இனி மாற்றி பேங்குக்குக் கொண்டு வந்துவிடலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த வாரத்தில், குனிந்து தண்ணீர் மொள்ளும்போது போன் டிரம்முக்குள் விழுந்தது. கடைக்காரர் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆபா பெரிதாகக் கலங்கவில்லை. பழைய போன் ஒன்றை வாங்கி, ஆப்பைப் போட்டு, ஸ்டெபிலைசருக்கு அடியில் கையை விட்டுத் துண்டை எடுத்தார்.

அப்புறம் எனக்குப் போன் செய்தார். "எழுத்தெல்லாம் ஓடிப்போச்சுடி" என்றார். 

போட்டது போட்டபடி ஆட்டோ பிடித்துப் போனேன். ஸ்டெபிலைசரைத் தொட்டேன். இஸ்திரிப் பெட்டி மாதிரிக் கொதித்தது. வெயிலுக்கு ஃப்ரிட்ஜ் விடாமல் ஓட, அது விடாமல் காய்ந்திருக்கிறது. நானும் ஆபாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் உறைத்தது. வாழ்நாள் முழுக்கக் கோடு போட்டுச் சூடு காட்டி அழித்த நாங்கள், அதே பேனாவால் எழுதி, நாங்களே கொண்டுபோய் அடுப்பின்மேல் வைத்திருக்கிறோம். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பேனாவைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டேன்.

டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தோம். பேனா அழுத்திய தடம்கூட இல்லை. நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தோம். எலுமிச்சை, ஆடு, மாமா, ஏணி. அதற்குமேல் வரவில்லை. வந்தவையும் எந்த வரிசை என்று தெரியவில்லை. காலையில் தவிப்பில் ஆபா இணையத்தில் ஏதோ ஒரு உதவிக் குழுவில் கேட்டுவைக்க, ஒரு சார் உடனே வந்து மிகப் பணிவாக, நான் மீட்டுத் தருகிறேன், உங்கள் பன்னிரண்டு வார்த்தைகளை மட்டும் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். அவ்வளவு துக்கத்திலும் ஆபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது இல்லன்னு தானேடா உங்கிட்ட வந்தேன்" என்று போனைப் பார்த்துச் சொன்னார். சிரித்து முடித்ததும் முகம் அப்படியே இறங்கிவிட்டது. ஃப்ரிட்ஜில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மேனேஜரே இல்லாத பேங்கில் யார் காலில் போய் விழுவது?

கொஞ்ச நேரம் கழித்து, அந்த நிலையிலும் நான் வெயிலில் வந்தேன் என்பது ஞாபகம் வந்து எழுந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து ரோஸ்மில்க் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார். பாட்டில் ஜில்லென்று இருந்தது. அந்தக் குளிர் கையில் ஏறியபோதுதான் எனக்கு அந்தப் பழைய கம்ப்ளெயின்ட் ஞாபகம் வந்தது.

நான் சேர்ந்த புதிதில் நடந்தது. பனி கொட்டுகிற ஒரு நாட்டுக்கு எங்கள் லைனிலிருந்து கறுப்பு பூட்ஸ் போனது. கடைக் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்த பிறகு அத்தனையிலும் வெள்ளைக் கோடு தெரிகிறது என்று போட்டோ வந்துவிட்டது. அழிக்காமல் அனுப்பிவிட்டோம் என்று எங்களை வரிசையாக நிற்க வைத்துத் திட்டித் தீர்த்தார்கள். ஆபா ஒருவர்தான், அழிச்சோம் சார், ஒவ்வொண்ணா அழிச்சோம் என்று மல்லுக்கு நின்றார். கடைசியில் மிச்சம் இருந்த ஒரு ஜோடியை ஆபீஸில் யாரோ ஐஸ்கிரீம் கடைப் பெட்டியில் வைத்து எடுத்துப் பார்க்க, அழித்த கோடெல்லாம் திரும்ப எழுந்து நின்றது. அந்த ரீஃபில் அப்படி. சூட்டில் மறையும், கடுங்குளிரில் திரும்பும். அதற்கப்புறம் அந்த நாட்டு ஆர்டருக்கு மட்டும் வேறு பேனா வந்தது. நாங்கள் மாதக்கணக்கில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

நான் சொல்லி முடிப்பதற்குள் ஆபா துண்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரின் அடிப்பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்துவிட்டார். பழைய ஃப்ரிட்ஜ். அந்த அளவுக்குக் குளிருமா என்று இருவருக்கும் சந்தேகம். ஆபா தொழுகைக்குப் போனார். நான் ஃப்ரிட்ஜ் கதவில் கையை வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். பொறுக்காமல் ஒருமுறை திறந்தும் பார்த்தேன். "தொறந்து தொறந்து பாத்தா குளிர் எங்க நிக்கும்?" என்று தொழுகை முடித்து வந்தவர் அதட்டினார். நடுவில் கரண்ட் போய்விட்டது. ஆபா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கரண்ட் வந்ததும் ஃப்ரிட்ஜ் ஒரு உலுக்கு உலுக்கி மறுபடி ஓட ஆரம்பித்தது.

மாலை டீ நேரத்துக்குத் திறந்தோம். கவரைத் துடைத்து, துண்டை வெளிச்சத்துக்குக் கொண்டு போனோம். வெள்ளையாகக் கோடுகள் எழுந்திருந்தன. ஆனால் அவை வார்த்தைகள் மாதிரித் தெரியவில்லை. முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. தோலின்மேல் கையை வைத்து ஓரமாகவே பேனாவால் சுற்றி வரைந்த ஒரு கை. மணிக்கட்டிலிருந்து ஒரு கொடி கிளம்பி, நடு உள்ளங்கையில் பூத்து, சுண்டு விரலுக்குப் பக்கத்து விரலில் ஏறி, பாதி வழியில் திடீரென்று வளைந்து ஒரு சின்ன இலையாக முடிந்திருந்தது.

அந்த வளைவைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில்தான் என் விரலில் மெஷின் ஊசி ஏறியது. தழும்பு இப்போதும் இருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தின வாரம், மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்களே என்று நான் அந்த விரலை மறைத்து மறைத்து வைத்துக்கொண்டிருந்ததை ஆபா கவனித்திருக்கிறார். ஒரு டீ மணிக்கு என் கையை இழுத்து ஒரு தோல் துண்டின்மேல் வைத்து அளவெடுத்து, தழும்பின்மேல் இலை வருகிற மாதிரிக் கொடியைப் பழகிப் பார்த்தார். பழகி முடித்ததும் வழக்கம்போல் சூடு காட்டி அழித்தார். வேலையை விட்டபோது அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த துண்டுகளில் அதுவும் இருந்திருக்கிறது. அவசரத்தில் பையிலிருந்து உருவியது அதைத்தான் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

 அழ நேரமில்லை. அந்தக் கைக்குள்ளும் விரல்களுக்கு நடுவிலும்தான் வார்த்தைகள் நின்றன. கொடி எது, எழுத்து எது என்று பிரித்துப் பிரித்து, பால்பாயின்ட் பேனாவால் தாளில் இறக்கினோம். ஒரே ஒரு வார்த்தை மட்டும் பூவுக்குள் மாட்டிக்கொண்டது. எல், ஏ என்று ஆரம்பமும் ஆர் என்று முடிவும்தான் தெரிந்தன. ஆப்பில் முதல் இரண்டு எழுத்தைப் போட்டதும் அது தன் பட்டியலிலிருந்து வார்த்தைகளைக் காட்டியது. அந்த எழுத்தில் முடிகிறவையே மூன்று நான்கு இருந்தன. ஆபா ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"சீடி" என்றார். "சீடி சொன்னமே. ஏணி."

ஏணிக்கு லேடர் என்று போட்டோம். வாலட் திறந்துகொண்டது. சேர்த்ததெல்லாம் அப்படியே இருந்தது. நான் துள்ளிக் குதித்தேன். ஆபா போனைப் பார்க்கவே இல்லை. தோல் துண்டை மடியில் வைத்து, அந்தக் கோட்டுக் கையின்மேல் என் கையை இழுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கை இப்போது அந்தக் கோட்டுக்குள் அடங்கவில்லை.

"உன் கை அப்போ எவ்ளோ சின்னதா இருந்துச்சு பாருடி" என்றார்.

அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் அழுதோம்.

அன்றைக்கே புது வார்த்தைகளோடு புது வாலட் ஒன்று போட்டு, காசை அதற்கு மாற்றினோம். இந்தமுறை பால்பாயின்ட், தாள், இரண்டு பிரதி, இரண்டு இடம். ஸ்டெபிலைசர் பக்கம் போகவே இல்லை. மாத முடிவுக்குள் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. மாடிப்படிக்குக் கீழே ஆபாவின் பெயரில் இப்போது போர்டு தொங்குகிறது. கடை திறந்த அன்று முதல் மருதாணி எனக்கு. தழும்பின்மேல் இலை வைத்தே போட்டார்.

பழைய வார்த்தைகளுக்கு இனி வேலை இல்லை என்பதால் அந்தத் துண்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டு ஃப்ரீசரில், ஐஸ் தட்டுக்கு அடியில் இருக்கிறது. இங்கே எதற்குத் தோல் என்று என் வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். எங்கள் லைனும் அந்த டீ மணியும் பக்கத்து மெஷின் சிரிப்பும் அழிந்துபோய்விட்டன என்றுதான் நான் பல வருடம் நினைத்திருந்தேன். ஐஸ் எடுக்கக் கையை விடும்போதெல்லாம் அந்தச் சின்னக் கை விரல்நுனியில் ஜில்லென்று தட்டுப்படுகிறது, அவை எங்கேயும் போகவில்லை என்று தோன்றுகிறது.